ஒளிக்கு உரு கொடுத்த கோணம்

ரப்பரை இழுத்துப் பிடித்தால் அதற்குள் நுழையும் ஒளி இரு கூறாகிறது. தோட்டத்தில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. பேச நேரமும் இருந்திருக்காது. பாலை உறையவைத்து, மெஷினில் கொடுத்து ஷீட் அடித்து, புகைக்கொட்டகையில் தொங்கவிட்ட கெடா தோட்டங்களில் ரப்பரின் தரத்தை நிறமும் அழுக்கும்தான் தீர்மானித்தன. ஆனால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ரப்பர் துண்டு ஒன்றை, ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிய இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள். இருட்டாக இருந்த இடத்தில் வெளிச்சம் வரும். மேலும் இழுத்தால் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும்.

1940களில் இதை உட்கார்ந்து அளந்தவர் எல்.ஆர்.ஜி. டிரெலோர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். அவர் வேலை பார்த்த பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம் 1938இல் தொடங்கியது. அதன் செலவுக்குப் பணம், மலாயா போன்ற காலனிகளிலிருந்து ஏற்றுமதியான ரப்பர் மீது விதித்த தீர்வையிலிருந்து வந்தது. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பாலிங்கிலும் விடியுமுன் நிரை பிடித்து மரம் சீவியவர்களின் உழைப்பில் ஒரு துளி ஒளியியல் ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறது. சம்பள அட்டையில் ஏறாத கணக்கு அது.

நிறம் ஏன் வருகிறது? ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் இழுக்கும்போது ஒரே திசையில் நேராகின்றன. அந்தத் திசையில் அதிரும் ஒளி மெதுவாகவும், குறுக்குத் திசையில் அதிரும் ஒளி சற்று வேகமாகவும் போகின்றன. வெளியே வரும்போது ஒன்று பின்தங்கியிருக்கிறது. அலையின் ஏற்ற இறக்கத்தில் உண்டாகும் இந்த முன்பின் நிலைக்குக் கட்ட வேறுபாடு என்று பெயர். இரண்டும் மீண்டும் சேரும்போது சில நிறங்கள் கூடிப் பிரகாசிக்கின்றன, சில ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ரப்பர் கிடைக்காதவர்கள் மடிக்கணினியின் வெள்ளைத் திரைமுன் ஒரு பிளாஸ்டிக் உறையை இழுத்துப் பிடித்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அதே வேடிக்கைதான்.

ஆக, ஓர் அலை இன்னோர் அலையைவிடப் பின்தங்க வேண்டுமானால், ஒன்று அது அதிக தூரம் போக வேண்டும், அல்லது மெதுவாகப் போக வேண்டும். 1956 வரை ஒளியியல் படித்த எவரும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அந்த ஆண்டு பெங்களூரில் 22 வயது தமிழ் இளைஞர் ஒருவர் மூன்றாவதாக ஒரு வழி இருப்பதைக் கண்டார். கூடுதல் தூரமும் இல்லை, தாமதமும் இல்லை; ஒளி தன் அதிர்வின் தன்மையை எந்த வரிசையில் மாற்றிக்கொண்டு வந்தது என்பது மட்டுமே அதன் கட்டத்தை நகர்த்திவிடும் என்றார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் ‘உருவமைத்த ஒளி’ என்று பேசப்படும் துறையின் ஒரு பெரிய தூண் அதன்மேல் நிற்கிறது. அவர் பெயர் எஸ். பஞ்சரத்தினம்.

உருவமைத்த ஒளி என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். சாதாரண லேசர் கற்றையைச் சுவரில் அடித்தால் நடுவில் பிரகாசமான ஒரு பொட்டு விழும். கற்றையின் குறுக்கே எந்த இடத்தைத் தொட்டாலும் அலை ஒரே கட்டத்தில், ஒரே திசையில் அதிர்ந்துகொண்டிருக்கும். அப்படி விடாமல், கற்றையின் குறுக்கே புள்ளிக்குப் புள்ளி பிரகாசத்தையும் கட்டத்தையும் அதிரும் திசையையும் நாம் விரும்பியபடி மாற்றி அமைத்தால் அதுவே உருவமைத்த ஒளி. மையத்தில் இருள், சுற்றிலும் வளையமாக வெளிச்சம் என்று ஒரு கற்றை. அதன் அலைமுகம் முன்னே போகும்போதே அச்சைச் சுற்றித் திருகிக்கொண்டு போகும். இப்படித் திருகிய ஒளிக்குச் சுழல் உந்தம் உண்டு என்பதை 1992இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் லெஸ் ஆலனும் அவருடன் இருந்த மூவரும் காட்டினார்கள். நுண்துகள் ஒன்றை இந்தக் கற்றையில் பிடித்தால் அது சுற்றத் தொடங்கும். 2013இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் சித்தார்த் ராமச்சந்திரன் குழுவினர், திருகு வேறுபட்ட கற்றைகளைத் தனித்தனி வழித்தடங்களாக்கி, 1.1 கிலோமீட்டர் நீளமுள்ள தனிவகைக் கண்ணாடி இழை ஒன்றில் நொடிக்கு 1.6 டெராபிட் தகவலை அனுப்பினார்கள்.

கற்றைக்கு உரு கொடுக்க வேண்டுமென்றால் அதன் ஒவ்வொரு புள்ளியிலும் வெவ்வேறு கட்டத்தை ஏற்ற வேண்டும். பழைய வழி, கண்ணாடியின் கனத்தை இடத்துக்கு இடம் மாற்றுவது. மூக்குக்கண்ணாடியின் வில்லை அதைத்தான் செய்கிறது. பஞ்சரத்தினம் காட்டிய வழியில் கனம் எங்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

அவர் 1934 பிப்ரவரி 9இல் கல்கத்தாவில் பிறந்தார். தாய்மாமன் சர் சி.வி. ராமன். தாய்மாமன் நோபல் பரிசு வாங்கி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் குடும்பங்களில் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவது வழக்கம். இந்தத் தாய்மாமனிடம் மருமகனுக்குக் கிடைத்தது படிகங்களும் ஒரு மேசையும். 1950களின் தொடக்கத்தில், ராமன் பெங்களூரில் தமக்கென்று நிறுவியிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் பஞ்சரத்தினம் சேர்ந்தார். பெரிய இயந்திரங்கள் உள்ள இடம் அல்ல அது. ராமனுக்குக் கற்கள்மீது ஆசை. வைரம், குவார்ட்ஸ், நிறக்கற்கள் என்று சேர்த்துவைத்திருந்தார். எளிய கருவிகளே போதும் என்று நம்பியவர். 1941இல் இதே ராமன், ராஜகோபாலன், நெடுங்காடி ஆகியோருடன் சேர்ந்து, துணிப்பெட்டியில் போடுகிறோமே அந்த அந்துருண்டையின் சரக்கான நாஃப்தலீனைப் படிகமாக வளர்த்து, அதன் வழியே ஒளி கூம்பாக விரிவதைக் காட்டியிருந்தார். அயர்லாந்தின் ஹாமில்டன் 1832இல் கணக்குப் போட்டுச் சொல்லிவைத்திருந்த கூம்பு ஒளிவிலகல் அது. அந்தக் கூம்பும் உருவமைத்த ஒளியில் ஒரு வகைதான். அப்போது அப்படி அழைக்கப்படவில்லை.

பஞ்சரத்தினத்தின் முதல் கட்டுரைகள் 1954இல் வந்தன. செவ்வந்திக்கல் எனப்படும் ஊதா நிறக் குவார்ட்ஸ் பற்றியவை. அடுத்த ஆண்டு, ஒளியை விழுங்கும் படிகங்களுக்குள் ஒளி எப்படிப் போகிறது என்ற சிக்கலுக்குப் போனார். அயோலைட் என்ற கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பக்கமிருந்து பார்த்தால் நீல ஊதா, கல்லைத் திருப்பினால் வெளிறிய மஞ்சள். அது ஒளியை இரண்டாகப் பிரிப்பதோடு நிற்பதில்லை. பிரிந்த இரண்டில் ஒன்றைக் கூடுதலாகவும் மற்றதைக் குறைவாகவும் விழுங்குகிறது. இதனால் படிகத்துக்குள் போகும் இரு அலைகளும் பாடப்புத்தகத்தில் உள்ளபடி ஒன்றுக்கொன்று செங்குத்தாக அதிர்வதில்லை. எப்படியோ ஒரு கோணத்தில், நீள்வட்டமாக, ஒழுங்கற்று அதிர்கின்றன.

இங்கேதான் ஒரு கேள்வி அவரை நிறுத்தியது. இரண்டு அலைகள் ஒரே திசையில் அதிர்ந்தால் அவை ஒத்த கட்டத்தில் உள்ளனவா என்று பார்ப்பது சுலபம். மேடு மேட்டோடு சேர்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. ஒன்று நேர்கோட்டில் அதிர, மற்றது வட்டமாகச் சுழன்றால்? மேடு எது, பள்ளம் எது? ஒத்த கட்டம் என்ற பேச்சுக்கே அங்கே பொருள் உண்டா?

கணக்கப்பிள்ளை கேட்பதுபோல மிகச் சாதாரணமான கேள்வி. பெரிய கோட்பாடு எதையும் கவிழ்க்கும் எண்ணத்தோடு கேட்டதாகத் தெரியவில்லை. படிகத்துக்குள் தெரியும் வளையங்களைக் கணக்கிட்டுக் காட்ட அவருக்கு ஒரு விதி தேவைப்பட்டது, அவ்வளவுதான். பஞ்சரத்தினத்தின் விடையும் எளியது: இரண்டையும் சேர்த்துப் பார், ஒன்றைச் சற்றே முன்பின் நகர்த்து, எந்த நிலையில் கூட்டு வெளிச்சம் உச்சத்தை எட்டுகிறதோ அந்த நிலையில் இரண்டும் ஒத்த கட்டத்தில் உள்ளன. இத்தோடு விட்டிருந்தால் அது ஒரு வரையறையாகவே நின்றிருக்கும். அவர் அதை மூன்று ஒளிகளுக்கு வைத்துப் பார்த்தார். ‘அ’ ஒளியும் ‘ஆ’ ஒளியும் ஒத்த கட்டத்தில் உள்ளன. ‘ஆ’வும் ‘இ’யும் ஒத்த கட்டத்தில் உள்ளன. அப்படியானால் ‘இ’யும் ‘அ’வும்? ஒத்திருக்க வேண்டியதில்லை என்று வந்தது. எவ்வளவு வேறுபடும் என்பதற்கும் அவர் துல்லியமான விடை வைத்திருந்தார்.

அந்த விடை ஒரு கோளத்தின்மேல் இருக்கிறது. 1892இல் பிரான்சின் ஆன்றி பாயின்கரே, ஒளியின் அதிர்வு வகைகள் அத்தனையையும் ஒரு கோளத்தின் பரப்பில் புள்ளிகளாக வைக்கலாம் என்று காட்டியிருந்தார். நடுக்கோட்டில் நேர்கோட்டு அதிர்வுகள், வட துருவத்திலும் தென் துருவத்திலும் வலமாகவும் இடமாகவும் சுழலும் வட்ட அதிர்வுகள், இடைப்பட்ட இடமெல்லாம் நீள்வட்டங்கள். பஞ்சரத்தினம் மூன்று ஒளிகளையும் இந்தக் கோளத்தில் குறித்து முக்கோணமாக இணைத்தார். அந்த முக்கோணம் கோளத்தின் மையத்தில் அடைக்கும் திண்மக் கோணத்தில் சரிபாதிதான் கட்ட வேறுபாடு.

கோளத்தின்மேல் சுற்றிவருவதால் எதுவோ திரும்பிவிடுகிறது என்பது விசித்திரமாகத் தோன்றலாம். தோட்டத்துக் காண்டாவை வைத்து இதைப் பார்க்கலாம். பால் வாளிகளை இரு முனையிலும் மாட்டித் தோளில் சுமப்பார்களே, அந்தக் கம்பு. அதன் முன்முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு ஒருவர், கெடாவுக்கு நேர் தெற்கே சுமத்திராவில் பூமத்தியரேகை போகும் இடத்திலிருந்து வடக்கு நோக்கி நடக்கிறார் என்று வைப்போம். விதி ஒன்றுதான்: அவர் எப்படித் திரும்பினாலும் காண்டாவை மட்டும் திருப்பக் கூடாது. கெடாவைக் கடந்து, வட துருவம் வரை போகிறார். சிவப்புத் துணி முன்னால் இருக்கிறது. துருவத்தில் அவர் மட்டும் இடது பக்கம் திரும்பி, ஜெர்மனி, துனீசியா வழியாகத் தெற்கே இறங்குகிறார். காண்டா இப்போது குறுக்காக, துணி அவருடைய வலப்பக்கம். ஆப்பிரிக்காவின் கபோன் நாட்டில் பூமத்தியரேகையை எட்டியதும் கிழக்கே திரும்பி, ரேகையோடு நடந்து சுமத்திராவுக்கே வந்து சேர்கிறார். துணி அவருக்குப் பின்னால், மேற்கைப் பார்த்து நிற்கிறது. கிளம்பும்போது அது வடக்கைப் பார்த்தது. வழியில் எங்கும் அவர் அதைத் திருப்பவில்லை. ஆனாலும் 90 பாகை திரும்பிவிட்டது. அவர் சுற்றிவளைத்தது பூமியின் பரப்பில் எட்டில் ஒரு பங்கு. முழுக் கோளத்தின் கணக்கு 720 பாகை. அதில் எட்டில் ஒன்று 90.

ஒளிக்கும் இதே கணக்கு, பாதியாக. கிடைமட்டமாக அதிரும் ஒளி, 45 பாகை சாய்ந்து அதிரும் ஒளி, வட்டமாகச் சுழலும் ஒளி ஆகிய மூன்றையும் எடுத்தால் அவை பாயின்கரே கோளத்தில் எட்டில் ஒரு பங்கை வளைக்கும். கட்ட வேறுபாடு 90இல் பாதி, 45 பாகை. அலைநீளத்தில் எட்டில் ஒன்று. கண்ணாடியின் கனம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

‘குறுக்கீட்டின் பொதுமைப்படுத்திய கோட்பாடு’ என்ற பொருளுள்ள தலைப்பில் இது இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் 1956இல் வெளியாயிற்று. அந்தக் கழகத்தைத் தொடங்கியவரும் ராமன்தான், பஞ்சரத்தினம் பிறந்த அதே 1934இல். இந்தியாவில் செய்ததை இந்தியாவில் அச்சிட வேண்டும் என்பதில் ராமன் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். அதற்கு ஒரு விலை இருந்ததையும் மறைக்க முடியாது. லண்டனிலும் நியூயார்க்கிலும் குவாண்டம் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தவர்கள் பெங்களூர் இதழில் படிகக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கவில்லை.

அதன் பிறகு அவருடைய பணி வாழ்க்கை மிகச் சுருக்கமானது. 1961இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். அண்ணன் எஸ். சந்திரசேகரும் அதே ஆண்டு அங்கே இயற்பியல் பேராசிரியரானார். (நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் வாங்கிய சந்திரசேகர் வேறு, அவர் ராமனுடைய அண்ணன் மகன். இந்தக் குடும்பத்தில் பெயர்க் குழப்பம் தவிர்க்க முடியாதது.) 1964இல் பஞ்சரத்தினம் ஆக்ஸ்ஃபோர்டு சென்று, செயின்ட் கேத்தரின் கல்லூரியின் ஆய்வாளராக ஜார்ஜ் சீரிஸுடன் வேலை பார்த்தார். அங்கே படிகங்களை விட்டுவிட்டு, அணுக்களும் ஒளியும் உறவாடும் முறைக்குத் தாவினார். 1969 மே 28இல், 35 வயதில் காலமானார். பேராசிரியர் பட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. 1975இல் அவருடைய கட்டுரைகளைத் திரட்டி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் ஒரு நூலாக்கியது.

1984இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பெர்ரி ஒரு கட்டுரை எழுதினார். குவாண்டம் அமைப்பு ஒன்றை மெதுவாக ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்தால், அது சுற்றிய பாதையின் வடிவத்தைப் பொறுத்து ஒரு கூடுதல் கட்டத்தைச் சுமந்து வரும் என்றார். இயற்பியல் உலகம் பரபரத்தது. பெங்களூரில் இருவருக்கு மட்டும் இதை முன்பே எங்கேயோ பார்த்தோமே என்று தோன்றியது. ராமனிடம் வளர்ந்த எஸ். ராமசேஷனும், ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் ராஜாராம் நித்யானந்தாவும், 1986இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில், 30 ஆண்டுக்கு முந்தைய பஞ்சரத்தினத்தின் கோணம் பெர்ரியின் கட்டத்துக்கு முன்னோடி என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே பெர்ரி அதை ஒப்புக்கொண்டு, தம் கோட்பாட்டின் மொழியில் பஞ்சரத்தினத்தை விளக்கித் தனிக் கட்டுரை எழுதினார். 1988இல் அதே பெங்களூர் நிலையத்தில் ஜோசப் சாமுவேலும் ராஜேந்திர பண்டாரியும் பஞ்சரத்தினத்தின் கருத்தை இன்னும் விரித்தார்கள். பெர்ரி போட்ட நிபந்தனைகள் சில தேவையே இல்லை, மெதுவாகச் சுற்ற வேண்டியதில்லை, சுற்று முழுமையடையவும் வேண்டியதில்லை என்று அவர்கள் காட்டியதற்கு அடிப்படை, அந்த 22 வயதுக்காரர் ஒத்த கட்டத்துக்குத் தந்த வரையறை. 1994இல் பெர்ரி, பாயின்கரே கோளத்தில் பஞ்சரத்தினம் எப்பேர்ப்பட்ட கைதேர்ந்தவர் என்பதைச் சொல்வதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். முந்தியவர் யார் என்ற சண்டை இல்லாமல் முடிந்த அபூர்வமான கதைகளில் இது ஒன்று.

மேடைகளில் இந்தக் கதையை ‘உலகம் மறந்த தமிழ் மேதை’ என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகம் அவரை மறந்தது என்பதைவிட, அவர் கண்டுபிடித்தது எந்தப் பூட்டுக்கான சாவி என்று அப்போது அவர் உட்பட யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதே பொருத்தம். லேசர் 1960இல்தான் வந்தது. கற்றையின் குறுக்கே புள்ளிக்குப் புள்ளி அதிர்வை மாற்றும் கருவி வர இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன.

அந்தக் கருவி வந்த வழியில் அண்ணனும் தம்பியும் சந்திக்கிறார்கள். சந்திரசேகர் 1971இல் மைசூரிலிருந்து ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து திரவப் படிக ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார். 1977இல் அவரும் பி.கே. சதாசிவாவும் கே.ஏ. சுரேஷும், தட்டையான வட்டத்தகடு வடிவ மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நிற்கும் புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்தார்கள். கணினித் திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் கெடாமல் தெரியச் செய்யும் ஃபிலிம்களில் பின்னாளில் அந்த வகை மூலக்கூறுகள் இடம்பிடித்தன. தம்பியின் துறை ஒளியின் அதிர்வு, அண்ணனின் துறை திரவப் படிகம். 2006இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் லொரென்சோ மாருச்சியும் இரு சகாக்களும் செய்த ‘கியூ தகடு’ இந்த இரண்டையும் ஒன்றாக்கியது. சந்திரசேகர் 2004இல் மறைந்துவிட்டார்.

கியூ தகடு செய்வது இதுதான். இரு கண்ணாடிகளுக்கு நடுவில் மெல்லிய திரவப் படிக அடுக்கு. கனம் எங்கும் ஒன்று. ஆனால் மூலக்கூறுகள் நோக்கும் திசை, மையத்தைச் சுற்றிவரும்போது படிப்படியாகத் திரும்பிக்கொண்டே போகும். வலமாகச் சுழலும் ஒளியை உள்ளே விட்டால் அது இடமாகச் சுழன்று வெளியே வரும். பாயின்கரே கோளத்தில் ஒரு துருவத்திலிருந்து மறு துருவத்துக்குப் போய்விட்டது. எந்த வழியாகப் போனது என்பது அந்த இடத்து மூலக்கூறின் திசையைப் பொறுத்தது. வழி மாறினால் வளைத்த பரப்பு மாறும், பரப்பு மாறினால் கட்டம் மாறும். கணக்குப் போட்டால் மூலக்கூறு திரும்பிய கோணத்தில் இரு மடங்கு வருகிறது. சாதாரண லேசர் உள்ளே போகிறது, அச்சைச் சுற்றித் திருகிய ஒளி வெளியே வருகிறது. திருக்கியது 1956இன் கோணம். இதற்கு நான்கு ஆண்டு முன்பே இஸ்ரேலின் டெக்னியானில் எரெஸ் ஹாஸ்மன் குழு, நுண்ணிய வரிகளைப் பொறித்த தகடுகளால் இதே வித்தையைச் செய்து, அவற்றுக்குப் பஞ்சரத்தினம்–பெர்ரி கட்டக் கூறுகள் என்று பெயரும் வைத்துவிட்டது.

பிறகு 2016. ஹார்வர்டில் ஃபெடரிகோ கப்பாசோவின் குழு தட்டையான வில்லை ஒன்றைச் செய்தது. பீடோங் பக்கத்து ஆட்களுக்கு ஹார்வர்ட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தோட்டம். இது அமெரிக்கப் பல்கலைக்கழகம். கண்ணாடியின்மேல் டைட்டானியம் டை ஆக்ஸைடால் ஆன கோடிக்கணக்கான நுண்சுவர்கள், எல்லாம் 600 நானோமீட்டர் உயரம், எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது மட்டும் வேறு. அந்தத் திருப்பத்தாலேயே ஒளி குவிகிறது. வளைவான கண்ணாடி இல்லாமல், மேற்பரப்பில் தலைமயிரின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட எட்டாத அடுக்கு ஒன்றால் வில்லை செய்ய முடியும் என்பது கைபேசிக் கேமராக்காரர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது.

கைபேசி என்றதும் கூலிமைச் சொல்லாமல் போக முடியாது. 1996இல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா இன்று தென் கெடாவில் பல தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சம்பளம் தரும் இடம். தாத்தா காலையில் பிரட்டுக்கு நின்றார், பேத்தி ஷிப்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள். 2017 நவம்பரில் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனம் அங்கே ஆறு அங்குல வேஃபரில் எல்.இ.டி. சில்லுகள் செய்யும் ஆலையைத் திறந்தது. அதே மாதம் கடைக்கு வந்த ஐஃபோன் எக்ஸ், முகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளித்து, அவை விழும் வடிவத்தைக் கொண்டு உரிமையாளரை அடையாளம் கண்டது. பொறியாளர்கள் இதையும் உருவமைத்த ஒளி என்றே சொல்கிறார்கள். திருகிய கற்றையின் சுழல் உந்தம் இதில் இல்லை. ஒளிக்கு வடிவம் தருவது என்ற அளவில் இரண்டும் பங்காளிகள். ஓஸ்ராமைப் பின்னர் வாங்கிக்கொண்ட ஆஸ்திரியாவின் ஏ.எம்.எஸ்., கூலிமிலேயே மைக்ரோ எல்.இ.டி.க்காக இரண்டாவது ஆலையைக் கட்டியது. 2024 பிப்ரவரியில் அதற்கு ஆதாரமாக இருந்த வாடிக்கையாளர் திட்டம் திடீரென்று ரத்தாயிற்று. கூலிம் எல்.இ.டி. சில்லு ஒளியைப் பிறப்பிக்கிறது. பிறந்த ஒளியை எப்படி வளைப்பது, திருக்குவது, பிரிப்பது என்ற வேலை பெரும்பாலும் வேறு ஊர்களில் நடக்கிறது. ஆலைக்கு வேண்டிய ஆர்டரை யாரோ ஒருவர் ரத்து செய்ய முடிகிறதென்றால், அதற்கும் இந்தப் பிரிவினைக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். டிரெலோர் காலத்தில் பால் இங்கே, அளவீடு அங்கே என்று இருந்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

பஞ்சரத்தினத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை. 1955இல், அந்தக் கோணத்துக்கு ஓராண்டு முன்பு, அயோலைட் போன்ற கற்களில் அவர் இன்னொன்றையும் ஆராய்ந்தார். ஒளியை விழுங்காத படிகத்தில் அச்சுத் திசை ஒன்றாக இருக்கும் இடத்தில், விழுங்கும் படிகத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. அந்தத் திசைகளில் ஒரே வகை அதிர்வுதான், ஒரு பக்கமாகச் சுழலும் ஒளி மட்டும்தான், மாறாமல் போக முடியும். இதை 1902இல் ஜெர்மனியின் வோல்டெமர் ஃபோக்ட் கவனித்திருந்தார். அப்படியானால் எதிர்ப்பக்கமாகச் சுழலும் ஒளியை அந்தத் திசையில் விட்டால் என்ன ஆகும்? போக முடியாத ஒளி எங்கே போகும்? பஞ்சரத்தினம் கணக்கிட்டுச் சொன்னார்: அது படிகத்துக்குள் போகப் போகச் சிறிது சிறிதாக மற்றப் பக்கச் சுழற்சியாக மாறிவிடும். இரு வழிகள் ஒன்றாகி ஒன்று காணாமல் போகும் இத்தகைய இடங்களை இன்றைய இயற்பியலாளர்கள் விதிவிலக்குப் புள்ளிகள் என்கிறார்கள். மிகச் சிறிய மாற்றத்துக்கும் பெரிதாகத் துடிக்கும் உணரிகளும், வேண்டாத அதிர்வுகளை உதறிவிடும் லேசர்களும் அவற்றை வைத்து முயலப்படுகின்றன. 2003இல் பெர்ரியும் மார்க் டென்னிஸும் இத்தகைய படிகங்களுக்கான முழுக் கணிதத்தை எழுதியபோது, மேற்கோள் காட்டியவர்களின் வரிசையில் ஃபோக்டுக்குப் பக்கத்தில் பஞ்சரத்தினம் இருந்தார்.